அரை வாக்கியத்தை வைத்துச் சண்டை

அன்புள்ள ஐயா,

நான் நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் யூதர் ஒருவரும், கிறித்தவத்தை விட்டு விலகி, யூதராக மாறாமல், மனிதகுலம் முழுமைக்கும் உரியவை என்று யூத மரபு சொல்லும் 'நோவாவின் ஏழு கட்டளை'களை மட்டும் ஏற்றுக்கொண்ட இன்னொருவரும் வாரம் ஒருமுறை சேர்ந்து யூத மறைநூலான தோரா படிக்கிறார்கள். வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளான சபாத்து பற்றிப் பேச்சு வந்தாலே கைகலப்பு வராத குறைதான். "யூதரல்லாதவர் சபாத்து அனுசரித்தால் மரண தண்டனை என்று தால்முத் (யூதச் சட்ட விவாதத் தொகுப்பு) சொல்கிறது" என்கிறார் யூதர். "பத்துக் கட்டளை உங்கள் வீட்டுச் சொத்தா?" என்கிறார் மற்றவர். மனம் நோகாமல் இதைத் தீர்க்க வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உண்டு. ஆனால் இருவரும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அந்த ஏழில் ஆறு விலக்குகள்: சிலை வணக்கம், தெய்வ நிந்தனை, கொலை, முறைகேடான உறவு, திருட்டு, உயிரோடிருக்கும் விலங்கின் உறுப்பை அறுத்துத் தின்பது. ஏழாவது, நீதிமன்றங்கள் அமைக்க வேண்டும் என்பது. இதில் சபாத்து இல்லை. யாத்திராகமம் 31:17 அதை இஸ்ரவேலுக்கும் கடவுளுக்கும் இடையிலான அடையாளம் என்கிறது. ஆக, 'பத்துக் கட்டளை எல்லோருக்கும் பொது' என்ற வாதம் யூதச் சட்டத்துக்குள் எடுபடாது.

அதற்காக உங்கள் யூத நண்பர் முழுக்கச் சரி என்றும் ஆகிவிடாது. அவர் சொல்வது தால்முத்தின் சன்ஹெத்ரின் நூலின் 58ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது; ரேஷ் லாகிஷ் என்ற அறிஞரின் கூற்று. அதையே இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிதஸ் 'அரசர்கள் பற்றிய சட்டங்கள்' 10:9இல் எடுத்தாள்கிறார். சபாத்து அனுசரிக்கும் யூதரல்லாதவரிடம் அது மரணத்துக்குரிய குற்றம் என்று அறிவிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடவே "ஆனால் அவர் கொல்லப்படுவதில்லை" என்று முடிக்கிறார். இந்தப் பின்பாதியை விழுங்கிவிட்டு முன்பாதியை மட்டும் ஒருவர் முகத்தில் எறிந்தால் அது மிரட்டல்தான். காரணமும் அங்கேயே இருக்கிறது: தானாக ஒரு புது மதம் உண்டாக்கக் கூடாது, முழுமையாக மாறி எல்லாக் கட்டளைகளையும் ஏற்கலாம், இல்லையேல் தன் ஏழில் நிற்கலாம். அடுத்த பத்தியான 10:10 கதவைச் சற்றுத் திறக்கிறது: நோவாவழியினர் (ஏழு கட்டளைகளுக்கு உட்பட்டவர்) வேறொரு கட்டளையைப் பலன் கருதிச் செய்ய விரும்பினால் தடுக்கக் கூடாது, அவர் தரும் தானத்தை ஏற்க வேண்டும். இரண்டு பத்திகளையும் சேர்த்துப் படித்தால் பாதிச் சூடு தணியும்.

மீதிச் சூடு பெரும்பாலும் பதிப்பிலிருந்து வருகிறது. அதே நூலின் 8:11ஐப் பாருங்கள். ஏழு கட்டளைகளையும் கடவுள் ஆணை என்பதற்காக அல்லாமல், தன் அறிவுக்குப் பட்டதால் மட்டும் கடைப்பிடிப்பவர் 'உலக இனங்களின் நல்லோருள் ஒருவர் அல்ல, அவர்களுடைய ஞானியருள் ஒருவரும் அல்ல' என்பது பல அச்சுப் பதிப்புகளின் பாடம். கையெழுத்துப் பிரதிகளிலோ 'நல்லோருள் ஒருவர் அல்ல, மாறாக ஞானியருள் ஒருவர்' என்றிருக்கிறது. 'வெலோ' (அதுவும் அல்ல), 'எலா' (மாறாக) என்ற இரு எபிரேயச் சொற்களுக்கிடையே ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஒருவர் அச்சுநூலையும் இன்னொருவர் ஆய்வுப் பதிப்பையும் கையில் வைத்துக்கொண்டால் விடிய விடியக் கத்தலாம். தணிக்கைக்குப் பயந்து பழைய அச்சுகளில் 'கோய்' (யூதரல்லாதவர்) என்ற சொல்லை 'நட்சத்திர வணக்கக்காரர்' என்று மாற்றிய இடங்களும் பல. நோவாவழியினர் அதைப் படித்தால் தன்னைப் பற்றியது அல்ல என்று நினைப்பார். யூதரோ எல்லாப் புறஇனத்தாரையும் பற்றியது என்பார். அதனால் இருவர் முன்னும் ஒரே பதிப்பு, ஒரே பக்கம் திறந்திருக்கட்டும். எபிரேயச் சொல்லை முதலில் உரக்கப் படித்துவிட்டுப் பிறகு மொழிபெயர்ப்புக்கு வாருங்கள்.

பேசும் முறைக்கும் தால்முத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பழங்கால யூத அறிஞர்களின் இரு பள்ளிகளான ஹில்லேல், ஷம்மாய் இடையே மூன்று ஆண்டு வாதத்துக்குப் பிறகு தீர்ப்பு ஹில்லேல் பள்ளியின் பக்கம் சாய்ந்ததற்கு, தால்முத்தின் எருவின் நூலின் 13ஆம் ஏடு காரணம் சொல்கிறது: அவர்கள் சாந்தமானவர்கள், ஷம்மாய் பள்ளியின் கருத்தைத் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னவர்கள். ஆகவே எதிராளியின் வாதத்தை அவரே 'ஆம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ளும்வரை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். கோபத்தில் இருப்பவரை அந்நேரமே சமாதானப்படுத்தப் போகாதே என்பது மிஷ்னாவின் (தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு) ஆவோத் நூல், 4:18. வெள்ளிக்கிழமை மாலை விவாதம் தொடங்காதீர்கள். சூரியன் மறையும் முன்பிருந்து சுமார் 25 மணி நேரம் அந்த யூதர் போனைத் தொடமாட்டார். மற்றவர் அந்த மௌனத்தை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

பழைய நம்பிக்கையைக் குத்திக்காட்டும் பேச்சு வரவே கூடாது. மதம் மாறியவரின் மகனிடம் 'உன் முன்னோர் செய்ததை நினைத்துப் பார்' என்று சொல்வதை மிஷ்னா சொல்லால் செய்யும் கொடுமை என்கிறது. நோவாவழியினருக்கு அது அப்படியே பொருந்துமா என்று சட்டம் பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மறுபக்கம், 'நீங்களே ஒழுங்காகக் கடைப்பிடிப்பதில்லை' என்று நோவாவழியினர் யூதரைத் திருத்தப் புகுவதும் அத்துமீறல்.

நடைமுறை முடிவை இருவருமே எடுக்க வேண்டாம். ஏழு கட்டளைகளில் பழக்கமுள்ள ஒரு ரபியிடம் (யூத மதகுரு) கேட்கட்டும். கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'நான் சபாத்து அனுசரிக்கலாமா?' என்றால் 'கூடாது' என்றே பெரும்பாலும் பதில் வரும். 'வெள்ளி இரவு குடும்பத்தோடு மெழுகுவத்தி ஏற்றிச் சாப்பிடுவேன். "எங்களுக்குக் கட்டளையிட்ட" என்ற ஆசி வாசகத்தைச் சொல்ல மாட்டேன், அது எனக்குப் பொருந்தாது. மறுநாள் வழக்கம்போல் கார் ஓட்டுவேன், சமைப்பேன். இதில் எது தவறு?' என்று கேட்டால் ரபிக்கு யோசித்துச் சொல்ல இடம் கிடைக்கும்.