மகள் வேளாண்மை படிக்கட்டுமா? – ஒடுகத்தூர்ப் பக்கத்துத் தந்தைக்கு ஒரு பதில்

அன்புள்ள அய்யா,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவை முடித்திருக்கும் உங்கள் மகள், பி.எஸ்சி. வேளாண்மைதான் படிப்பேன், படித்து முடித்து, உழவர்களிடம் போய்த் தொழில்நுட்ப ஆலோசனை சொல்லும் வேளாண் விரிவாக்கப் பணிக்குப் போவேன் என்று உறுதியாக நிற்பதாகவும், கழனியில் நாம் பட்ட பாடு போதாதா, பிள்ளையும் அதே சேற்றில் இறங்க வேண்டுமா என்று வீட்டுப் பெரியவர்கள் மனம் வருந்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் படிக்கட்டும். ஆனால் அரசுப் பணி ஒன்றை மட்டும் குறியாக வைத்துப் படிக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், இந்த வேலைக்கான தேவை வளர்கிற வேகமும் அரசுப் பணியிடங்கள் நிரப்பப்படுகிற வேகமும் ஒன்றாக இல்லை.

விரிவாக்கப் பணி என்றதும் உங்களுக்கு நினைவு வருவது அக்ரி ஆபீசில் விதை மூட்டைக்குக் கையெழுத்துப் போடும் அலுவலராக இருக்கலாம். மானியப் பட்டியலும் பதிவேடும் அந்த வேலையில் இன்றும் பெரும்பகுதியைத் தின்கின்றன என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பணியின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் கொல்லையில் போடும் மல்லாட்டையையே (வேர்க்கடலையையே) எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்த 45-ஆம் நாள் மண் அணைக்கும்போது காய் திரள்வதற்காக ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மழை ஒழுங்காகப் பெய்த காலத்தில் அந்த ஒரு வரியை ஊருக்கு ஊர் சொல்லிவிட்டுப் போனாலே போதுமானதாக இருந்தது. இப்போது 45-ஆம் நாளில் மண்ணில் பொட்டு ஈரம்கூட இல்லாத ஆண்டுகள் வருகின்றன. ஈரமில்லாத மண்ணில் கொட்டிய ஜிப்சம் கரையாது, காய்க்குப் போய்ச் சேராது. ஈரத்தைப் பார்த்து 40-ஆம் நாள் முதல் 75-ஆம் நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் இடலாம் என்ற நெகிழ்வும் அதே பரிந்துரைக்குள் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் இடலாமா, அடுத்த மழைக்குக் காத்திருக்கலாமா என்பதை வானிலை அறிவிப்பையும் உங்கள் நிலத்தையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். உங்கள் மகள் ஆக விரும்புவது அந்த ஆளாகத்தான்.

2010-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் முன்வைத்த ‘காலநிலைக்கு உகந்த வேளாண்மை’ என்ற கருத்துக்கு மூன்று இலக்குகள் உண்டு. விளைச்சலும் வருமானமும் உயர வேண்டும், மாறும் பருவநிலையைப் பயிர் தாங்க வேண்டும், முடிந்த இடங்களில் பசுங்குடில் வாயுக்களின் வெளியேற்றம் குறைய வேண்டும். மேடையில் கேட்க மூன்றும் அழகாகவே இருக்கும். கழனியில் அவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் விரிவாக்கப் பணியாளரின் திறமை தெரியும்.

நெல்லில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையைப் பாருங்கள். ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் இட்டு வயலில் புதைக்கிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும் வரை பாய்ச்சாமல் விட்டு, பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். பூக்கும் பருவத்தில் மட்டும் ஒரு வாரம் முன்னும் பின்னும் வயல் காயக் கூடாது. நீர் கணிசமாக மிச்சமாகிறது, எப்போதும் நீர் தேங்கிய வயலிலிருந்து எழும் பசுங்குடில் வாயுவான மீத்தேனும் குறைகிறது. இவ்வளவு நல்ல முறை ஏன் எல்லா ஊரிலும் இல்லை என்று உங்கள் மகள் ஒரு நாள் கேட்பார். மேலே வெடிப்பு விட்ட வயலைப் பார்த்துக்கொண்டு கை கட்டி நிற்க எந்த உழவருக்கும் மனம் வராது என்பது ஒரு காரணம். மற்றொன்று, தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்சாரம் இலவசம் என்பதால், மிச்சமாகும் தண்ணீர் பணமாகக் கைக்கு வருவதில்லை. ஆகவே மீத்தேனைப் பற்றி விரிவுரை ஆற்றினால் காரியம் ஆகாது. கோடையில் கிணறு எத்தனை நாள் கூடுதலாகத் தாங்கும், மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் எத்தனை சென்ட் நிலம் கூடுதலாகப் பாயும் என்று உழவரின் கணக்கில் பேச வேண்டும். முதல் ஆண்டு வயலின் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்க்கச் சொல்ல வேண்டும். பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடப்பதையும், 2021 நவம்பரில் அதே ஆறு கரை கொள்ளாமல் ஓடியதையும் பார்த்த நம் வேலூர் மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்குக் காது கொடுப்பவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள்.

இனி உங்கள் கவலையின் மையத்துக்கு வருகிறேன். வேலை கிடைக்குமா? 2003-ஆம் ஆண்டு தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், வேளாண் தொழில்நுட்பம் பற்றி ஏதோ ஒரு வழியில் தகவல் பெற்ற உழவர் குடும்பங்கள் 40 விழுக்காடுதான் என்று தெரியவந்தது. அவர்களுக்குத் தகவல் தந்தவர்களில் முன்னோடி உழவர்களும் உர, மருந்துக் கடைக்காரர்களும்தான் முன்னே நின்றார்கள். அரசு விரிவாக்கப் பணியாளர் வழியே பெற்றவர்கள் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் பிறகு 2005 முதல் மாவட்டந்தோறும் விரிவாக்கப் பணிகளை ஒருங்கிணைக்கும் ‘ஆத்மா’ திட்டம், 2018-இல் தமிழக அரசின் உழவன் கைப்பேசிச் செயலி, 2025-இல் அலுவலர்களும் விஞ்ஞானிகளும் ஊருக்கே வரும் ‘உழவரைத் தேடி வேளாண்மை’ என்று பலவும் வந்துவிட்டன. இருந்தாலும் பூச்சி விழுந்த அன்று மாலை உங்கள் ஊரார் இலையைக் கிள்ளிக்கொண்டு எங்கே போகிறார்கள் என்று பாருங்கள், மருந்துக் கடைக்குத்தான். கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருந்து அடிக்கத் தேவையில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில், விற்பனையே பிழைப்பாக உள்ளவர் அதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்த இடைவெளியில்தான் வேலைகள் இருக்கின்றன. அரசுப் பக்கம், டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர் பணிக்குப் பட்டமும், உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இரண்டு ஆண்டு வேளாண் பட்டயமும் கேட்கிறார்கள். அறிவிப்பு ஆண்டுதோறும் வந்துவிடும் என்று எண்ணிக் காத்திருப்பதுதான் பிள்ளைகளை முடக்குகிறது. பட்டம் பெற்றபின் வேறு எதையும் தொடாமல் பயிற்சி மையத்திலேயே ஆண்டுகளைக் கழித்துவிட்டுச் சோர்ந்து வருபவர்களை என் அலுவலகத்தில் அடிக்கடி பார்க்கிறேன். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணிக்கும் நான்கு ஆண்டு வேளாண் பட்டம் தகுதியாகும். வேளாண் விரிவாக்கத்தில் முதுகலையும் முடித்தால் உழவர்களுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்களில் (கே.வி.கே.) தொழில்நுட்ப வல்லுநர் பணிக்கு முயலலாம். 1974-இல் புதுச்சேரியில் முதல் நிலையம் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேல் இருக்கின்றன, நம் மாவட்டத்துக்கானது விரிஞ்சிபுரத்தில் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், சொட்டு நீர் நிறுவனங்கள், பயிர்க் காப்பீட்டு நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவையும் ஆள் எடுக்கின்றன. தொடக்கச் சம்பளம் குறைவாகவே இருக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் காலில் நிற்க விரும்பினால், 2002 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டத்தை நான் பெரிதும் பரிந்துரைப்பேன். வேளாண் பட்டதாரிகளுக்கு 45 நாள் பயிற்சி அளித்து, வங்கிக் கடனுக்கு மானியமும் தருகிறார்கள். பெண்களுக்கு அது 44 விழுக்காடு. மண், நீர் பரிசோதனை, நாற்றங்கால், பூச்சிநோய் ஆலோசனை ஆகியவற்றை வைத்து ஒடுகத்தூரிலோ அணைக்கட்டிலோ ஒரு மையம் தொடங்கினால் சுற்று வட்டாரத்துக்கே பயன்படும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் உங்கள் அணைக்கட்டுப் பக்கத்துப் பயிர்தானே? தண்டு, காய்ப்புழுவுக்கு ஓயாமல் மருந்தடிக்கப்படும் பயிரான கத்திரியில், ஆண் அந்துப்பூச்சிகளை ஈர்த்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, தாக்குண்ட நுனிகளைக் கிள்ளி அழித்து, தெளிப்பைக் குறைத்துக் காட்டுபவருக்கு வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

பெண் பிள்ளை ஊர் ஊராக வண்டியில் அலைய வேண்டுமே என்ற உங்கள் அச்சம் புரிகிறது. அலைச்சல் உண்மைதான், வேலூர் வெயிலும் உண்மைதான். அதோடு இதையும் எண்ணிப் பாருங்கள். களை எடுப்பதும் காய் பறிப்பதும் உங்கள் ஊரில் பெரும்பாலும் பெண்கள். பயிற்சிக் கூட்டத்தில் முன் வரிசையில் உட்காருவது ஆண்கள். செய்கிறவருக்குச் செய்தி போய்ச் சேராமல் போவது விரிவாக்கத்தின் பழைய குறை. ஒரு பெண் அலுவலர் வரப்பில் உட்கார்ந்து பேசினால் அந்தக் குறை பாதி தீரும். உங்கள் மகளுக்கு அந்த இயல்பு இருக்கிறதா என்பதைத்தான் மதிப்பெண்ணைவிட முக்கியமாக நான் கேட்பேன். அறிமுகமில்லாதவரிடம் பேச்சுக் கொடுக்கிறாரா? ஒரு முறை மறுத்தவரிடம் மறுபடி போய்ப் பேசும் பொறுமை உண்டா? ஆய்வுக்கூடத்தில் தனியாக இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்றால், அதே பட்டத்தோடு பயிர் மரபியல், மண்ணியல் பக்கம் போகட்டும். அதிலும் குறை ஒன்றுமில்லை.

சேர்க்கையைப் பொறுத்தவரை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன, நீட் தேவையில்லை. உங்கள் மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். அருகில் வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டம் வாழவச்சனூரில் பல்கலைக்கழகத்தின் அரசுக் கல்லூரியே இருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் பல்கலைக்கழக இணைப்பையும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவின் அங்கீகாரத்தையும் எழுத்தில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். தரகர் சொல்லும் உத்தரவாதத்தை நம்ப வேண்டாம். அதற்கு முன் ஒரு பயிற்சி நாளில் விரிஞ்சிபுரம் நிலையத்துக்கு உங்கள் மகளோடு நீங்களும் போய், வந்திருக்கும் உழவர்கள் கேட்கும் கேள்விகளை இருவரும் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்து கேளுங்கள். கட் ஆஃப் எட்டாமல் போகக்கூடும் என்று தோன்றினால், பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதே இரண்டு ஆண்டு வேளாண் பட்டயத்துக்கும் தனியாக விண்ணப்பித்து வையுங்கள்.