ஐந்தே நிமிடம், எதைக் காட்டுவது?

புதுப் பொருளோடு மேடையேறப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், திரும்பத் திரும்ப வருபவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் ஆப்பில் பதினான்கு வசதிகள் இருக்கின்றன. டெமோவுக்குக் கிடைத்திருப்பது ஐந்து நிமிடம். எதை விடுவது?

பதின்மூன்றை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

1854இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் எலிஷா ஓட்டிஸ் தன் லிஃப்ட்டைக் காட்டிய கதையைப் பாருங்கள். தானே அதன் மேல் ஏறி நின்றார். கூட்டத்தின் தலைக்கு மேலே போனதும், தாங்கியிருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். தளம் கொஞ்சம் சரிந்து, அப்படியே பிடித்து நின்றுவிட்டது. கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான் அன்று எல்லோருக்கும் இருந்த பயம். அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொன்னார். உங்கள் வாடிக்கையாளரின் வயிற்றைக் கலக்கும் விஷயம் எது? அது தீர்வதைக் காட்டுங்கள். மற்றவை கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் வரட்டும். அப்போது "இருக்கிறதே!" என்று சொல்லும் சுகமே தனி.

இன்னொன்று. திரையில் பெயர்கள் 'டெஸ்ட் 1', 'டெஸ்ட் 2' என்றும், தொகைகள் 1000, 2000 என்றும் இருந்தால் பொருளே பாதியில் நிற்பது போலத் தெரியும். 1,847 மாதிரி தொகைகள், நடுவில் ரத்தான ஒரு பதிவு என்று நிஜ வாழ்க்கை போல நிரப்புங்கள். அதற்காக உண்மையான வாடிக்கையாளர் விவரத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முதலில் குழுவை அறிமுகப்படுத்த வேண்டாமா?

பெயரும் ஒரு வரியும் போதும். வாங்கிய பட்டமும் பரிசும் பொருள் பிடித்த பிறகுதான் காதில் ஏறும்.

கேள்வி: ஒத்திகையில் வைஃபை நன்றாகவே இருந்தது. மேடையில் சுற்றிக்கொண்டே இருந்தது. யார் தப்பு?

கூட்டத்தின் தப்பு. ஒத்திகை பார்த்தபோது அரங்கம் காலி. 2010இல் ஐஃபோன் 4ஐக் காட்டிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஜாப்ஸுக்கே பக்கம் திறக்கவில்லை. அரங்கத்துக்குள் 570 வைஃபை நிலையங்கள் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, அவற்றை அணைத்துவிடும்படி எல்லோரிடமும் கெஞ்ச வேண்டியதாயிற்று. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தக்கூடிய சேனல்கள் பொதுவாக மூன்றுதான்: 1, 6, 11. அதில் அத்தனை பேரும் பேசினால் என்ன ஆகும்?

"செல்போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே" என்பார்கள். அதுவும் வைஃபைதான், அதே நெரிசலில்தான் போய் நிற்கும். ஃபோனை யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. முடிந்தால் நெட்டே தேவைப்படாத ஒரு பதிப்பை லேப்டாப்பிலேயே ஓட்டுங்கள். கடைசிக் கைகாவலாக, அதே டெமோவின் வீடியோ டெஸ்க்டாப்பில் இருக்கட்டும். நான் வைத்திருக்கும் கணக்கு பதினைந்து விநாடி. அதற்குள் சரியாகவில்லையா, "இது நேற்று எடுத்த பதிவு" என்று சொல்லிவிட்டு வீடியோவுக்குப் போய்விடுவேன். மேடையில் நின்று பிழை தேடுவதைப் பார்க்கிறவர்களுக்கு உங்களைவிட அதிகமாக வியர்க்கும்.

கேள்வி: இன்னும் முழுதாக முடியாத பொருளை, ஓடும் வழியில் மட்டும் ஓட்டிக் காட்டுவது ஏமாற்று இல்லையா?

வழியைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்று ஆகாது. 2007 ஜனவரி 9 அன்று மேடையேறிய முதல் ஐஃபோன் வெறும் முன்மாதிரி. முதலில் மின்னஞ்சல், அப்புறம் இணையம் என்று போனால் ஓடும். மாற்றிப் போட்டால் நின்றுவிடக்கூடும். அதனால் வரிசையைப் பிசகாமல் பழகி வைத்திருந்தார்கள். அதில் பணியாற்றிய பொறியாளர்களே பின்னாளில் சொன்னது இது.

ஓடாததை ஓடுவதாகக் காட்டுவது வேறு. நிகோலா நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீடியோவில் லாரி சாலையில் ஓடுவது போலத் தெரிந்தது. அது சரிவில் உருண்டுதான் வந்தது என்பது 2020இல் அம்பலமானது. திரையில் வரும் விடையைப் பொருள் தருகிறதா, நீங்கள் தருகிறீர்களா? இரண்டாவது என்றால், "இது மாதிரி வடிவம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சபை அதை மன்னிக்கும். முதலீட்டாளர் பிறகு தானாகக் கண்டுபிடித்தால் மன்னிக்க மாட்டார்.

கேள்வி: பேசிக்கொண்டே கிளிக் செய்தால் கை தடுமாறுகிறது.

பேசாதீர்கள். என்ன நடக்கப்போகிறது என்று முதலில் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு அழுத்துங்கள், வந்ததை அவர்கள் பார்த்து முடிக்கும்வரை காத்திருங்கள். அந்த இரண்டு விநாடி மௌனம் உங்களுக்குத்தான் யுகம் போல இருக்கும். டைப் செய்ய வேண்டியதை எல்லாம் முன்பே எழுதி வைத்து ஒட்டுங்கள். அல்லது ஒருவர் பேச, இன்னொருவர் ஓட்டட்டும்.

கேள்வி: மேடையேறும் முன் கடைசியாக எதைச் சரிபார்ப்பீர்கள்?

லாகின். ஒருமுறை என் பெயரை அழைத்த பிறகு பார்த்தால், கணக்கிலிருந்து தானாக வெளியேற்றியிருந்தது. ஓடிபி போனது என் கூட்டாளியின் ஃபோனுக்கு. அவரோ அரங்கத்துக்கு வெளியே யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து பத்து நிமிடம் முன்பு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுவேன். நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுவேன், சார்ஜரைச் செருகிவிடுவேன். அப்புறம் டெமோவைத் திரையில் விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய் உட்காருவேன். அங்கிருந்து எழுத்து தெரியவில்லை என்றால், திரும்பி ஓடிவந்து பெரிதாக்க இன்னும் நேரம் இருக்கும்.