ஓடுபாதையை விட்டுவிட்டார்கள்: மாலத்தீவின் படை குறித்த கேள்வி பதில்

மாலத்தீவின் போர் வரலாறு, பாதுகாப்புப் படை பற்றிக் கேளுங்கள். விடுதி வாடகை, விசா, டிக்கெட் விலை எனக்குத் தெரியாது.

கே: இவ்வளவு சின்ன நாட்டுக்குப் படை எதற்கு ஐயா?

நிலத்தை அளந்தால் எல்லாத் தீவுகளும் சேர்ந்து சுமார் 300 சதுர கிலோமீட்டர்தான். கடலை அளந்து பாருங்கள். அவர்களுடைய பொருளாதாரக் கடல் மண்டலம், அதாவது மீனும் கடல்வளமும் அவர்களுக்கே உரிய கடற்பகுதி, ஏறத்தாழ 9 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. வடக்கு முனைக்கும் தெற்கு முனைக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எத்தனை சிப்பாய்கள் என்று கேட்காதீர்கள்; எத்தனை படகுகள், எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும் என்று கேளுங்கள். இதை இன்று இன்னும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

கே: 1988-இல் தலைநகர் மாலேயைத் தாக்கியது விடுதலைப் புலிகள்தானே?

இல்லை. புளொட். உமா மகேஸ்வரன் தலைமையிலிருந்த இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கம். புலிகளுக்கும் அவர்களுக்கும் ஜென்மப் பகை. அப்துல்லா லுத்தூஃபி என்ற மாலத்தீவு வணிகர் அதிபர் கயூமைக் கவிழ்க்க அவர்களைப் பிடித்தார். ஏறக்குறைய 80 பேர் இலங்கையிலிருந்து கடல்வழியே வந்து நவம்பர் 3 விடியுமுன் இறங்கினார்கள்.

கே: இந்திய வீரர்கள் பாராசூட்டில் குதித்த காட்சியை விவரிக்க முடியுமா?

முடியாது; யாரும் குதிக்கவில்லை. பாராசூட் படைப்பிரிவு என்ற பெயரை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வானத்திலிருந்து இறக்கிவிடுகிறார்கள். கயூம் உதவி கேட்டதும் ஆக்ராவிலிருந்து கிளம்பிய ஐஎல்-76 விமானங்கள் சுமார் 2,500 கிலோமீட்டர் நிற்காமல் பறந்து, அன்றிரவே ஹுல்ஹுலே விமான நிலையத்தில் தரையிறங்கின. பிரிகேடியர் ஃபரூக் புல்சாரா தலைமை தாங்கினார்.

ஏன் தரையிறங்க முடிந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. மாலேயில் விமான நிலையம் கிடையாது. அது பக்கத்துத் தீவில் இருக்கிறது. வந்தவர்கள் தெருக்களைப் பிடித்தார்கள், அதிபரைத் தேடினார்கள், ஹுல்ஹுலே ஓடுபாதையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளவில்லை. பத்துப் பேரை அங்கே நிறுத்தி, நாலு வண்டிகளைக் குறுக்கே விட்டிருந்தால் இருட்டில் எந்த விமானி இறக்கத் துணிந்திருப்பார்? இறங்கிய வீரர்கள் படகுகளில் மாலேக்குக் கடந்து, விடியுமுன் கயூமைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டார்கள்.

கே: அப்படியானால் மாலத்தீவுப் படை வேடிக்கை பார்த்ததா?

இந்தக் கேள்வியை அனுப்பியவர் முன்னாள் படைவீரராம். எழுதும் முன் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். அன்று அங்கே இருந்தது தேசிய பாதுகாப்புச் சேவை. அதன் தலைமையகத்தை வந்தவர்கள் சுற்றி வளைத்துச் சுட்டார்கள், கைப்பற்ற முடியவில்லை. பகல் முழுக்க உள்ளே இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கயூமும் ஒளிந்து தப்பினார். தலைமையகமும் அதிபரும் கையில் சிக்காத கவிழ்ப்பு வெறும் துப்பாக்கிச் சத்தம்தான்.

கே: பார்த்தீர்களா, இந்தியா வராமலே முடிந்திருக்கும்!

இது இன்னொரு ஓரம். தாக்குப்பிடிப்பது வேறு, ஊரை மீட்பது வேறு. கயூம் பல நாடுகளிடம் உதவி கேட்டார். அமெரிக்காவின் தளம் இந்தியப் பெருங்கடல் தீவான தியேகோ கார்சியாவில் இருந்தது. அதுவே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். சில மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியதாக இருந்தது இந்தியா மட்டுமே. விமானங்கள் இறங்கிய பிறகுதான் வந்தவர்கள் பிணைக்கைதிகளை இழுத்துக்கொண்டு 'புரோகிரஸ் லைட்' என்ற கப்பலில் ஓடினார்கள். இந்தியப் போர்க்கப்பல்கள் ஐஎன்எஸ் கோதாவரியும் பேட்வாவும் அதைக் கடலில் மடக்கின. பகலைக் காத்தது உள்ளூர்ப் படை, இரவில் வந்து முடித்தது இந்தியா. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து எனக்கு இன்னும் ஆறு கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். ஆறுக்கும் இதே பதில்.

கே: ராஜராஜ சோழன் மாலத்தீவை ஆண்டானா?

மெய்க்கீர்த்தியில் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்று வருகிறது. அதை மாலத்தீவு என்று கொள்வது வழக்கம். அந்த ஒரு வரியை வைத்து ஆளுநர், கோட்டை, வரி வசூல் என்று கதை கட்டாதீர்கள்.

கே: அந்நியர் அந்த நாட்டைப் பிடித்ததே இல்லையா?

போர்த்துகீசியர் 1558 முதல் 1573 வரை வைத்திருந்தார்கள். உதீமு தீவைச் சேர்ந்த முகமது தகுருஃபானுவும் சகோதரர்களும் இரவில் படகில் வந்து ஒரு தீவில் அடித்துவிட்டு விடியுமுன் கடலுக்குள் மறைவார்கள். பகலில் தேடுபவனுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளில் எதைத் தேடுவது? கண்ணூர் அலி ராஜாவின் ஆதரவும் அவருக்கு இருந்ததாக மரபு வரலாறு சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே கண்ணூர் அரசகுலத்தின் ஆட்கள் 1752-இல் மாலேயைத் தாக்கி சுல்தானையே பிடித்துப் போனார்கள். சில மாதங்களில் ஹசன் மணிக்கு அவர்களை விரட்டினார்; பின்னால் அவரே சுல்தானானார். படகு யாரிடம் இருக்கிறதோ அவனிடமே நாடு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கே: இரண்டாம் உலகப் போரில் பங்கு உண்டா?

தெற்கே அட்டு என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் பிரிட்டிஷார் ரகசியத் துறைமுகம் அமைத்தார்கள். அங்கே நின்ற 'பிரிட்டிஷ் லாயல்டி' என்ற எண்ணெய்க் கப்பலின் தலையெழுத்தைப் பாருங்கள். 1942-இல் மடகாஸ்கரில் ஜப்பானியக் குட்டி நீர்மூழ்கி அதைத் தாக்கியது. மீட்டு அட்டுவுக்குக் கொண்டுவந்தால், 1944 மார்ச்சில் ஜெர்மன் நீர்மூழ்கி யு-183 தடுப்பு வலையின் இடைவெளி வழியே டார்பிடோ விட்டது. அப்போதும் அது முழுசாய்ப் போய்விடவில்லை. 1946-இல் பிரிட்டிஷாரே மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படை அதே அட்டுவின் கான் தீவிலிருந்து வெளியேறியது 1976-இல்.

கே: புலிகள் மாலத்தீவைத் தாக்கியபோது...

புளொட். புளொட். மேலே படியுங்கள்.

கே: மாசிக் கருவாடு எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

தூத்துக்குடிக்காரர்களைக் கேளுங்கள்.

கே: இப்போது படையின் பெயர் என்ன? கடலோரக் காவலுக்குக் கப்பல் இருக்கிறதா?

2006-இல் தேசிய பாதுகாப்புப் படை என்று பெயர் மாறியது. அதே ஆண்டு இந்தியா ஐஎன்எஸ் தில்லாஞ்சாங் என்ற கப்பலைக் கொடுத்தது. 'ஹுரவீ' என்று பெயர் வைத்தார்கள். 2023-இல் அதற்குப் பதிலாக ஐஎன்எஸ் தர்முக்லி போனது. அண்மையில் துருக்கியிலிருந்து ஆளில்லா விமானங்கள் வாங்கியிருக்கிறார்கள். 9 லட்சம் சதுர கிலோமீட்டரைக் கண்காணிக்க அது புத்திசாலித்தனமான செலவு.

கே: 2024-இல் இந்திய வீரர்களை வெளியேற்றியது சரியா?

அவர்கள் மே மாதம் திரும்பினார்கள், இந்தியா கொடுத்திருந்த ஹெலிகாப்டர்களையும் டோர்னியர் விமானத்தையும் இயக்க இந்தியாவிலிருந்தே இராணுவத்தைச் சேராத தொழில்நுட்ப ஆட்கள் போனார்கள். சரியா தவறா என்பதை அந்த நாட்டு வாக்காளர்களிடம் கேளுங்கள்.

கே: டாங்கிப் படை உண்டா?

மாலே தீவின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். டாங்கியைத் திருப்ப இடம் எங்கே தம்பி?