பெயருள்ள கல்லூரி – கடிதம்

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்தில் எங்கள் பகுதிப் பள்ளி ஆண்டு விழாவில் நீங்கள் பேசியதைக் கேட்டேன். "படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும், கல்லூரிப் பெயரில் ஒன்றும் இல்லை" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினோம். இப்போது அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் லுங்கி நெசவு செய்பவன். இரண்டு தறி இருக்கிறது. என் மகள் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பொறியியலுக்குக் கட்-ஆஃப் 174 எடுத்திருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். கலந்தாய்வில் வேலூர் பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரியில் மின்னியல் கிடைக்கலாம் என்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் மைத்துனர், அதெல்லாம் ஊர்க் கல்லூரி, ரேங்க் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்த்துவிடு என்கிறார். விடுதியோடு நான்கு ஆண்டுக்கு 12 லட்சம். காட்பாடிப் பக்கம் ஒரு மனை இருக்கிறது. விற்க ஆள் பார்த்துத் தருவதாக மைத்துனர் சொல்கிறார். ரேங்க் இல்லாத இடத்தில் படித்தால் கம்பெனிக்காரர்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள் என்று மைத்துனர் பயமுறுத்தவும் செய்கிறார். நீங்கள் மேடையில் சொன்னது நிஜம்தானா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், குடியாத்தம்

*

அன்புள்ள நண்பருக்கு,

முழுக்க நிஜமில்லை. மைக் முன்னால் நிற்கும்போது பாதி உண்மை நன்றாக ஒலிக்கும், கைதட்டலும் வரும். தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்கும் ஒருவர் அதை வைத்து மகளின் படிப்பை முடிவு செய்வார் என்று தோன்றியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். மன்னியுங்கள்.

கல்லூரிப் பெயர் முக்கியமில்லை என்று சொல்பவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் பெயருள்ள இடத்தில் படித்து முடித்தவர்களாக இருப்பார்கள். அல்லது வீட்டில் ஏற்கெனவே இரண்டு என்ஜினியர்கள் இருப்பார்கள். பட்டம் வாங்கிய பிள்ளையிடம் இன்ன கம்பெனியில் இன்னாரைப் போய்ப் பார் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சித்தப்பா உண்டு. உங்கள் மகளுக்குக் கல்லூரிதான் சித்தப்பாவாக இருந்தாக வேண்டும்.

எனக்கு இது தெரியாததல்ல. எண்பதுகளில் வேலூரில் பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சென்னைக்கு ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். காட்பாடியில் விடியற்காலை ரயில், அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. எனக்கு முன்னால் உள்ளே போன பையன் இருபது நிமிடம் இருந்தான். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வெளியே வந்தவனிடம் என்ன கேட்டார்கள் என்றேன். "எங்கள் பிசிக்ஸ் புரொபசர் இன்னும் அதே ஸ்கூட்டரில்தான் வருகிறாரா என்று கேட்டார். அவரும் எங்கள் காலேஜாம்" என்றான். அடுத்து நான். அதே அதிகாரி என் சான்றிதழைப் புரட்டிவிட்டு, "வேலூரா? ஜெயில் இருக்கிற ஊர்தானே?" என்றார். நான்கு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். இரவு வீடு திரும்பும்போது பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை. அம்மாவிடம் வழியில் சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன்.

இந்த ஸ்கூட்டர் விஷயத்தை அமெரிக்காவில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவரும் 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்காலச் சம்பளத்தை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரிப் பெரிய கல்லூரிகளில் இடம் கிடைக்கும் தகுதி இருந்தவர்களில், பெரிய பெயரைத் தேடிப் போனவர்களும் போகாதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். நான் மேடையில் சொன்னதற்கு ஆதாரம் போல இருக்கிறது, இல்லையா? ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் கணக்கு மாறியது. அவர்களுக்குப் பெயருள்ள கல்லூரி நிஜமாகவே கூடுதல் சம்பளம் தந்தது. பிற்பாடு அவர்களே விரிவாகச் செய்த ஆய்வில், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படியே. அமெரிக்கா வேறு, குடியாத்தம் வேறுதான். ஆனாலும் அந்தப் பிள்ளைகளுக்கும் சித்தப்பா கிடையாது.

அப்படியானால் உங்கள் மைத்துனர் சொல்வது சரியா? பெயர் வேண்டும் என்பதுவரை சரி. அவர் 12 லட்சத்துக்கு வாங்கச் சொல்லும் சரக்கு அந்தப் பெயர்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

வேலூர் கிரீன் சர்க்கிளில் மே மாதம் நிற்கும் விளம்பரப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். போன வருடம் ஒன்றில் ஆள் உயரத்துக்கு '3-ஆம் இடம்' என்று போட்டிருந்தார்கள். எதில் மூன்றாம் இடம் என்பது கீழே பொடி எழுத்தில் இருந்தது. படிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. எனக்குத் தூக்கம் வராத வியாதி உண்டு. மறுநாள் இறங்கிப் போய்ப் படித்தேன். ஏதோ ஒரு தனியார் பத்திரிகை, மூன்று வருடத்துக்கு முன்னால், தென்மண்டலத்தில், வளர்ந்துவரும் சுயநிதிக் கல்லூரிகளுக்குள் கொடுத்த மூன்றாம் இடம்.

வேறு வகைப் பெயரும் நம் வேலூரிலேயே இருக்கிறது. காந்தி ரோட்டில் லாட்ஜுக்கு லாட்ஜ் வங்காள எழுத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வரும் நோயாளி சி.எம்.சி. மருத்துவமனையின் மூன்றெழுத்தை நம்பி வருகிறார். 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் சேர்ந்து, வாய்வழியாகப் பரவிய பெயர் அது. மத்திய அரசின் மருத்துவக் கல்லூரிப் பட்டியலில் பல ஆண்டுகளாக 3-ஆம் இடத்தில் இருக்கிறது என்று சொன்னால் அவர் அப்படியா என்பார். தனியார் என்றாலே ஏமாற்று என்றும் நான் சொல்லவில்லை. 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யைத் தேடி இன்று வடமாநிலப் பிள்ளைகள் காட்பாடியில் பெட்டியோடு இறங்குகிறார்கள்.

மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வருகிறது. தனியார் பட்டியல்களைவிட நம்பலாம். ஆனால் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். பொறியியலுக்கு, கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 விழுக்காடு, ஆராய்ச்சிக்கு 30, தேர்ச்சி, வேலைவாய்ப்பு முதலியவற்றுக்கு 20. கல்லூரியைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கே 10. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கல்லூரியை மேலே ஏற்றிய பேராசிரியர், முதலாமாண்டில் உங்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரப்போவதில்லை. பெரும்பாலான எண்கள் கல்லூரிகளே கொடுப்பவை. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பத்திரிகையின் பட்டியலில் 2-ஆம் இடத்தில் இருந்தது. கொடுத்த எண்கள் தவறு என்று அங்கேயே வேலை பார்க்கும் கணிதப் பேராசிரியர் ஒருவர் 2022-இல் எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டே 18-க்கு இறங்கியது. கட்டடமும் ஆசிரியர்களும் அப்படியேதான் இருந்தார்கள்.

என் தங்கை மகனை நாங்களும் ரேங்க் பார்த்துத்தான் சேர்த்தோம். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். மூன்றாம் ஆண்டில் ஒருமுறை அவனுடைய ஆய்வகத்துக்குப் போனேன். வரிசையாகப் பத்து ஆசிலோஸ்கோப்புகள், மின்னலைகளைத் திரையில் காட்டும் கருவிகள். அவற்றில் எட்டின் மேல், வாங்கியபோது போட்டிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. மேலே தூசி, ஒன்றில் யாரோ விரலால் பெயர் எழுதியிருந்தார்கள். இன்ஸ்பெக்ஷன் வரும் அன்று உறையைக் கழற்றுவார்கள், மினி லாரியில் பூந்தொட்டிகளும் வரும், மாலையில் இரண்டும் பழையபடி ஆகிவிடும் என்றான். நல்ல கல்லூரிதான் அது. கணினித் துறைக்கு மட்டும் நல்ல கல்லூரி. அவன் சேர்ந்ததோ மின்னணுவியல். ரேங்க் கல்லூரி முழுமைக்கும் ஒன்றுதான், பிள்ளை போய் உட்காருவது ஒரு துறையில்.

என்.ஐ.ஆர்.எஃப்.-இல் ரேங்கைவிட உபயோகமான ஒன்றுண்டு. கல்லூரிகள் கொடுத்த விவரங்கள் இணையத்தில் கிடைக்கும். எத்தனை பேர் உரிய காலத்தில் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களுடைய நடுச்சம்பளம் என்ன என்று இருக்கும். விளம்பரத்தில் போடுவது உச்சச் சம்பளம். அது ஒரே ஒரு பிள்ளையுடையது. சம்பள வாரியாக எல்லோரையும் ரேஷன் கடை வரிசை போல நிற்கவைத்தால் சரியாக நடுவில் நிற்பவர் வாங்குவது நடுச்சம்பளம். மைத்துனர் சொல்லும் இடத்துக்கு அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் எல்லாத் துறையும் கலந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பணக் கணக்கு இன்னும் எளிது. உங்கள் மகள் முதல் தலைமுறைப் பட்டதாரி. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மைத்துனர் சொல்லும் வழியில் போனால் கிடையாது. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கலந்தாய்வு என்றால் பாகாயம் மட்டும்தான் என்றும் இல்லை. சென்னை, கோவைக் கல்லூரிகளையும் சேர்த்து எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்து விடாதீர்கள். ஆசைப்படுவதை மேலே போடுங்கள், கிடைக்காவிட்டால் அடுத்ததுக்குத்தான் போகும். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்துக்குப் பருவம் வெளியிடுகிறது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் பருவத்து அரியர்தான் பெரிய கண்டம்.

பாகாயத்துக்கு ஒரு வேலை நாளில் நேரிலும் போய்வாருங்கள். முதல்வர் அறைக்கு வேண்டாம். மின்னியல் துறை வாசலில் மூன்றாம் ஆண்டுப் பெண்கள் யாராவது நிற்பார்கள். எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், போன வருடம் உங்கள் துறைக்கு எந்தக் கம்பெனி வந்தது, எத்தனை பேரை எடுத்தார்கள் என்று கேளுங்கள். பதில் மோசமாக இருந்தால் அரசுக் கல்லூரி என்பதற்காகவும் சேர்க்க வேண்டியதில்லை.

மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் கடிதத்தில் மைத்துனர் மூன்று தடவை வருகிறார். மகள் ஒரே தடவை, அதுவும் 174 என்ற எண்ணோடு. அவளுக்கு மின்னியல் பிடிக்குமா, வீட்டிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வர நினைக்கிறாளா, விடுதியில் தங்க ஆசைப்படுகிறாளா என்று ஒரு வரி இல்லை. விருப்பப் பட்டியலை உறுதி செய்வதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். மனைக்கு ஆள் பார்ப்பதை அதுவரை நிறுத்திவையுங்கள்.