கூஸ் வாத்து ஏன் நொண்டுகிறது? மழை, பனிக்காலக் கேள்வி-பதில்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டால் தை பிறக்கும்வரை எனக்கு வரும் கடிதங்களில் பாதி கூஸ் வாத்தின் காலைப் பற்றித்தான். இந்த முறையும் அப்படியே. கேள்விகளைச் சுருக்கி, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. வாத்து நொண்டினால் முதலில் தரையைப் பாருங்கள். அடுத்து தீவன மூட்டையைப் பாருங்கள். அதற்கப்புறம் காலுக்கு வாருங்கள்.

விடியற்காலையில் எங்கள் கூஸ் ஒற்றைக் காலில் நிற்கிறது. இன்னொரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வாதமா? (உடுமலைப்பேட்டை)

இல்லை. குளிருக்கு அப்படித்தான் நிற்கும். வெயில் ஏறியதும் இரண்டு காலிலும் நடந்தால் விட்டுவிடுங்கள்.

வாத்து நொண்டுகிறது. என்ன ஊசி போடலாம்? உடனே பதில் தேவை. (ஊர் எழுதவில்லை)

வயது எழுதவில்லை, என்ன தின்கிறது என்று எழுதவில்லை, எந்தக் கால் என்றுகூட எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு ஊசி சொல்கிற மருத்துவர் இருந்தால் அவரிடம் போகாதீர்கள். வாத்தைத் திருப்பிப் பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். ஆணி மாதிரி கறுப்பாக ஏதாவது இருக்கிறதா? மூட்டைத் தொட்டால் சுடுகிறதா, வீங்கியிருக்கிறதா? விரல் சவ்வில் முள், கம்பி, தூண்டில் நரம்பு ஏதாவது சிக்கியிருக்கிறதா? ஒரு வாத்து மட்டுமா, இரண்டு மூன்றா? எச்சம் என்ன நிறம்? இவ்வளவையும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

மூன்று வாரக் குஞ்சுகள் ஆறு. பிராய்லர் ஸ்டார்ட்டர் தீவனம்தான் போடுகிறோம். நாலு குஞ்சுக்குக் கால் வில் மாதிரி வளைந்து, முட்டி புடைத்து, இரண்டடி நடந்ததும் உட்கார்ந்துவிடுகின்றன. (தஞ்சாவூர் பக்கம்)

நியாசின் என்ற பி-வைட்டமின் பற்றாக்குறை. நூற்றுக்குத் தொண்ணூறு இதுவாகத்தான் இருக்கும். கோழிக்குஞ்சு தன் உடம்புக்குள்ளேயே ஓரளவு நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கும் கூஸுக்கும் அந்தத் திறன் குறைவு, தேவையோ அதிகம். கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 30, 35 மில்லிகிராம் போதும். கூஸ் குஞ்சுக்கு 60க்கு மேல் வேண்டும். அதனால் கோழித் தீவனத்தையே நம்பி வளர்த்தால் உடம்பு பெருக்கும், கால் தாங்காது.

குடிதண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 40 மில்லிகிராம் நியாசின் கலந்து பத்து நாள் கொடுங்கள். தினம் புதிதாகக் கலக்க வேண்டும், வேறு தண்ணீர் வைக்கக் கூடாது. தீவனத்தில் சாராய ஈஸ்ட் தூள் (ப்ரூவர்ஸ் ஈஸ்ட்) கிடைத்தால் தூவலாம். ரொட்டிக்குப் போடும் உயிர் ஈஸ்ட் வேண்டாம். பச்சைப் புல், கீரை நன்றாகக் கொடுங்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் இரண்டு மூன்று நாளில் எழுந்து நடக்கும். கணுக்கால் மூட்டின் பின்னால் ஓடும் தசைநாண் இடம் விலகிவிட்ட குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் கால் நேராகாது. நாலில் ஒன்றிரண்டு அப்படிப் போயிருக்கலாம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

பொரித்து இரண்டே நாள் ஆன குஞ்சுக்குக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துபோகின்றன. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறோம். (விருத்தாசலம்)

செய்தித்தாளை இன்றே எடுங்கள். வழுக்குகிற தரையில் குஞ்சுக்குக் கால் ஊன்றவே வராது. சாக்கைத் துவைத்துக் காயவைத்து விரியுங்கள். இரண்டு காலையும் இடுப்பகல இடைவெளியில், மெத்தென்ற துணிப்பட்டையால் தளர்வாகப் பிணைத்து மூன்று நாலு நாள் விடுங்கள். முதல் வாரத்துக்குள் செய்தால் சரியாகும். மூன்றாவது வாரம் எழுதுகிறவர்களுக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.

ஐந்து கிலோ இருக்கும் ஆண் கூஸ். சிமென்ட் தரைக் கொட்டில். உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் வீக்கம். பிளேடால் கீறி எடுக்கலாமா? (திருவள்ளூர்)

கூடாது. பிளேடைக் கீழே வையுங்கள். கனத்த உடம்பு, சொரசொரப்பான சிமென்ட், ஈரம் மூன்றும் சேர்ந்து தோல் கிழிந்து, உள்ளே சீழ்க் கிருமி போயிருக்கிறது. பறவையின் சீழ் நம்முடையது போல வடியாது, பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும். கீறினால் ரத்தம்தான் வரும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்புப் போட்டு காலை மாலை பதினைந்து நிமிடம் பாதத்தை ஊறவையுங்கள். துடைத்துக் காயவைத்து, போவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டுங்கள். பத்து நாள் சேற்றிலும் குட்டையிலும் விடாதீர்கள். கொட்டிலில் நாலு விரல்கடை உயரத்துக்கு நெல் உமியோ மரத்தூளோ போட்டு, நனைந்ததைத் தினம் அள்ளுங்கள். வீக்கம் கணுக்கால் மூட்டுவரை ஏறியிருந்தாலோ, தீனி எடுக்காவிட்டாலோ கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போய்விடுங்கள். கோழி பரண் ஏறி உறங்கும், கூஸ் இரவெல்லாம் தரையில்தான். தரையைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்குத்தான்.

மழையில் கடலைப் புண்ணாக்கு மூட்டை ஓரம் நனைந்து பூசணம் பிடித்துவிட்டது. மாட்டுக்குப் போட மனமில்லை. வெயிலில் காயவைத்து வாத்துகளுக்குப் போட்டோம். ஒரு வாரமாகக் குஞ்சுகள் தள்ளாடுகின்றன, நேற்று மூன்று செத்துவிட்டன. கால் வியாதிக்கு மருந்து சொல்லுங்கள். (சிவகங்கை மாவட்டம்)

இந்தக் கடிதம் வருடா வருடம் வருகிறது. ஊர்தான் மாறுகிறது. மாட்டுக்கு ஆகாதது வாத்துக்கு ஆகும் என்று யார் சொன்னார்கள்? வீட்டில் வளரும் பறவைகளிலேயே பூசண நஞ்சை மிகக் குறைவாகத் தாங்குவது வாத்துக்குஞ்சுதான்.

1960இல் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகளுக்கு மேல் செத்தன. வாத்துக்குஞ்சுகளும் செத்தன. முதலில் என்ன நோய் என்றே தெரியவில்லை. தேடிப்போனால் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது. அதில் வளர்ந்த பூசணம் உமிழ்ந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. அதற்குப் பிறகு தானியத்தில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே ஆய்வகங்களில் வாத்துக்குஞ்சைப் பயன்படுத்தினார்கள். உடம்பு எடை கிலோவுக்கு அரை மில்லிகிராம்கூட வேண்டாம், குஞ்சு போய்விடும்.

நான் பணியில் இருந்தபோது ஒரு மார்கழி விடியலில் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். இரவோடு பதினொரு குஞ்சு போயிருந்தது. மிச்சமிருந்ததில் ஒன்றைத் தூக்கி டார்ச் வெளிச்சத்தில் பாதத்தை விரித்துப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டிய சவ்வு நாவல்பழத் தோல் நிறத்தில் இருந்தது. தோலுக்கடியில் ரத்தக் கசிவு. கையிலேயே தலையைப் பின்னால் வளைத்து, காலை உதைத்து அடங்கிவிட்டது. தீவன மூட்டை எங்கே என்று கேட்டேன். சுவரோரம், மண் தரையில் சாத்தியிருந்தார்கள். மேலே பார்க்க நல்ல தீவனம். முழங்கைவரை கையை விட்டால் நடுவில் கதகதவென்று சூடு, கட்டி கட்டியாக ஒட்டியது, முக்கல் வாடை. அந்த வீட்டம்மா அழுதுகொண்டே, "மேலாகப் பூத்திருந்ததை எல்லாம் பொறுக்கிவிட்டுத்தான் போட்டேன் ஐயா" என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. அவர் கவனம் இல்லாதவர் அல்ல. யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே சொல்கிறேன், இதை வெட்டிக் கொட்டிலில் ஒட்டினாலும் நல்லது. வெயிலில் காயவைத்தால் பூசணம் காயும், நஞ்சு போகாது. வேகவைத்தாலும் வறுத்தாலும் போகாது. கழுவினாலும் கட்டியைப் பொறுக்கினாலும் போகாது, கண்ணுக்குத் தெரியாமல் மூட்டை முழுக்கப் பரவியிருக்கும். நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் தூள் (டாக்சின் பைண்டர்) கலந்தால் கொஞ்சம் குறையும், ஆனால் கெட்ட தீவனத்தை அது நல்லதாக்காது. புண்ணாக்கு மட்டும் இல்லை, மக்காச்சோளம், குருணை, தவிடு, மீந்த பிராய்லர் தீவனம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு மேல் தீவனம் வாங்கி வைக்காதீர்கள். மூட்டையைப் பலகைமேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். தினமும் நடு மூட்டையில் கையை விட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். பணம்தான் நஷ்டம், அவ்வளவுதான்.

உங்கள் குஞ்சுகளுக்கு இதற்கென்று முறிமருந்து கிடையாது. அந்தத் தீவனத்தை இன்றே நிறுத்துங்கள். புதுத் தீவனம், கீரை, ஈரலுக்கான டானிக், வைட்டமின் கலந்த தண்ணீர் கொடுங்கள். தாங்குகிறவை தாங்கும்.

மெடிக்கலில் கேட்டு, மனிதர்களுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையில் கால்வாசி கொடுத்தோம். நொண்டல் குறையவில்லை, தண்ணீர் அதிகம் குடிக்கிறது. (பொள்ளாச்சி)

உடனே நிறுத்துங்கள். இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுக் கூட்டத்தையே, நீலகிரியை ஒட்டிய நம் மோயாறு பள்ளத்தாக்கில் இன்று கொஞ்சமாக மிஞ்சியிருக்கும் பாறு கழுகுகள் உட்பட, அழிவின் விளிம்புக்குத் தள்ளிய மருந்து இது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006இல் கால்நடைகளுக்கு இதைத் தடை செய்தார்கள். 2023இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் சேர்த்தார்கள். தண்ணீர் அதிகம் குடிப்பது சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி, கொடுத்த மாத்திரையின் அட்டையையும் எடுத்துப் போங்கள். பறவைக்கு வலி மருந்து உண்டு, எடை பார்த்து அவர் தருவார். மெடிக்கலில் கேட்டு எதுவும் கொடுக்காதீர்கள்.

குட்டையில் விட்டு வந்த ஏழு கூஸில் ஐந்து ஒரே நாளில் கால் ஊன்ற முடியாமல் படுத்துவிட்டன. இரண்டுக்குக் கழுத்தும் தொங்குகிறது. (செங்கோட்டை)

ஐந்து சேர்ந்தாற்போல் விழுந்தால் அது கால் நோயே இல்லை. குட்டையோரம் செத்த மீனோ கோழியோ புழுத்துக் கிடக்கிறதா பாருங்கள். அந்தப் புழுவைத் தின்றால் பாட்டுலிசம் நஞ்சு ஏறி, கால், இறக்கை, கழுத்து என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். குட்டைக்கு விடுவதை நிறுத்துங்கள். படுத்தவற்றை நிழலில் வைத்து, நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கவிடுங்கள்.

ஆனால் உங்கள் ஊர் கேரள எல்லை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆலப்புழை, கோட்டயம் பக்கம் 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. அதிலும் தள்ளாட்டமும் கழுத்துத் திருகலும் உண்டு. வாத்து பிளேக்கிலும் எழ முடியாமல் படுக்கும், பச்சை நீராகக் கழியும். எது என்று கடிதத்தில் நான் சொல்ல மாட்டேன். செத்ததை அறுக்காதீர்கள், சமைக்காதீர்கள், விற்காதீர்கள். கால்நடை மருத்துவருக்கோ, 1962 என்ற கால்நடை உதவித் தொலைபேசி எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள்.

ஊட்டி பக்கம் இருக்கிறோம். புல்லெல்லாம் உறைபனி. கூஸின் கால் உறைந்துபோகுமா?

அவ்வளவு சுலபமாக உறையாது. அதன் காலில் கீழே இறங்கும் சூடான ரத்தக் குழாயும் மேலே ஏறும் குளிர்ந்த ரத்தக் குழாயும் ஒட்டியே ஓடுகின்றன. சூடு வீணாகாமல் உடம்புக்கே திரும்பிவிடும். பயப்பட வேண்டியது ஈரப் படுக்கைக்கு. இரவில் காய்ந்த வைக்கோல் கனமாகப் போடுங்கள், பூசண வாடை அடிக்கும் வைக்கோல் வேண்டாம். சவ்வின் ஓரம் வெளிறி, பிறகு கறுத்துக் காய்ந்தால் உறைபனிக் காயம். தேய்க்கக் கூடாது, அடுப்பு முன்னால் பிடிக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் வைத்து ஒற்றியெடுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

முட்டையிடும் பெட்டை நேற்றிலிருந்து வாலை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது, கால் பின்னுகிறது. (கடலூர்)

முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். இடுப்பில் நரம்பை அழுத்தினால் கால் பின்னும். வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் இருபது நிமிடம் விடுங்கள், கால்சியம் கொடுங்கள். மாலைக்குள் முட்டை வராவிட்டால் மருத்துவர்தான். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், உள்ளே உடையும். இனிமேல் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள்.

சந்தையில் வாங்கி பைக்கில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவந்தோம். வந்ததிலிருந்து ஒரு கால் இழுக்கிறது. (பரமக்குடி)

நாலு கிலோ உடம்பைக் காலில் தொங்கவிட்டால் தொடை மூட்டு நழுவும், எலும்பும் முறியும். கூஸைக் காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கழுத்தின் அடியை மெல்லப் பிடித்து, இறக்கையை உடம்போடு அணைத்து, வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும். எலும்பு சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். வெறும் சுளுக்கு என்றால் சின்ன இடத்தில் அடைத்து ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள்.

நொண்டும் வாத்தைத் தண்ணீரில் விடலாமா? (கும்பகோணம்)

உள்ளங்காலில் புண் இல்லையென்றால் தாராளமாக விடலாம். நீந்தும்போது எடை காலில் இறங்காது, தசையும் வேலை செய்யும். நல்ல தண்ணீராக, பகல் வெயிலில், பத்து நிமிடம். வெளியே எடுத்ததும் துடைத்து, காய்ந்த உமியில் விடுங்கள்.