ஊர் திரும்பிய பிள்ளை ஏன் அழுகிறாள்?

கேள்வி: என் அக்கா குடும்பம் 2009-இல் இலங்கைப் போர் முடிந்த பிறகு கோலாலம்பூருக்கு வந்து, யுஎன் அகதி அட்டையோடு செந்தூலில் இருந்தவர்கள். போன வருடக் கடைசியில் சாவகச்சேரிக்கே திரும்பிவிட்டார்கள். இங்கே பிறந்த 13 வயது மகள் ராத்திரியானால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "சித்தி, என்னை அங்கேயே கூட்டிட்டுப் போங்க" என்று அழுகிறாள். வகுப்பில் 'மலேசியாக்காரி' என்கிறார்களாம். அப்பம்மாவோ, "சொந்த ஊருக்கு வந்தும் ஏன் பிள்ளை அழுகிறாய்?" என்கிறாராம். நான் மலேசியரைக் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டேன். அவளை என்னோடு வைத்துப் படிக்க வைக்கலாமா?
- வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: வேண்டாம் சகோதரி. மலேசியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை, அவள் படித்ததும் அகதிப் பிள்ளைகளுக்கான கற்றல் மையத்தில்தானே? விரும்பி நாடு திரும்பியவர்களுக்கு அந்த அட்டையின் பாதுகாப்பும் போய்விடும். இலங்கையில் அரசுப் பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாம் இலவசம்.

ஆனால் அவள் அழுகையை யாரும் அதட்டி அடக்க வேண்டாம். அப்பம்மா சொல்லும் சொந்த ஊர் அவளுக்குச் செந்தூல்தான். தோழிகள், மாமாக் கடை ரொட்டி சானாய், எல்ஆர்டி ரயில் சத்தம் என்று பிறந்ததிலிருந்து பழகியதெல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போயிருக்கிறது. ஊரைப் பிரிந்து வந்த உங்கள் அக்காவுக்குத் தெரியாத துக்கமா இது? "நானும் உன்னை மாதிரித்தான் அழுதேன்" என்று அவர் மகளிடம் வாய்விட்டுச் சொல்லட்டும்.

அப்புறம் படிப்பு. பாதி அழுகை அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். கற்றல் மையங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பாடம். சாவகச்சேரியில் விஞ்ஞானம், வரலாறு எல்லாம் தமிழில், கூடவே சிங்களமும் படிக்க வேண்டும், கெட்டிக்காரப் பிள்ளையே திணறும். இலங்கைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடப்புத்தகங்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலத்தில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆங்கிலப் புத்தகத்தை இறக்கி அனுப்புங்கள், தமிழ்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும். ராத்திரி கூப்பிடும்போது ஒரு பக்கத்தை அவள் சத்தமாக வாசிக்க, நீங்கள் கேளுங்கள், தடுமாறினால் பொறுமையாக இருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவள் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கலாம், சிநேகிதம் தானாக வரும். பட்டப்பெயர் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் அக்கா நேரில் போய்ப் பேச வேண்டும், பிள்ளைச் சண்டை என்று விடக்கூடாது.

முடிந்தால் ஆகஸ்ட் வாக்கில் யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயில் திருவிழா நடக்கும் 25 நாளில் எப்போதாவது போய்விட்டு வாருங்கள். செந்தூல் தோழிகள் எழுதிய கடிதங்களை மறக்காமல் கொண்டுபோங்கள்.

ஒரு காரியம் மட்டும் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை தானாக வராது, பதிவு செய்ய வேண்டும். செய்துவிட்டார்களா? 15 வயதில் தேசிய அடையாள அட்டை எடுக்க வேண்டும், சாதாரண தரப் (ஓ/எல்) பரீட்சை மண்டபத்தில் அதைக் கேட்பார்கள். பதிவு இல்லையென்றால் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். இன்றைக்கே அக்காவிடம் கேளுங்கள்.