ஷாக் அப்சார்பரை மாற்றும் முன்: வாசகர் கேள்வி பதில்

மோட்டார் சைக்கிள் பராமரிப்பு குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இம்முறை சஸ்பென்ஷனைப் பற்றியே பேசுகின்றன. அவற்றுள் பலருக்கும் பயன்படக்கூடிய சில கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: என்னிடம் ஆறு ஆண்டுகள் ஓடிய 150 சிசி வண்டி உள்ளது. தனியாகச் செல்லும்போது குறையொன்றும் தெரியவில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் அடிதட்டுகிறது. மெக்கானிக், நைட்ரஜன் வாயு அடைத்த கேஸ் ஷாக் போடச் சொல்கிறார். போடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: போட வேண்டியிருக்கலாம். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன் வீட்டு வாசலிலேயே சில சோதனைகளைச் செய்துவிடுங்கள். இருவர் செல்லும்போது பின் டயருக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவை வையுங்கள். பிறகு வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ் தேய்ந்திருக்கிறது. சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் போயிருக்கிறது. இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கைப் பொருத்தினாலும் வண்டி வளைவுகளில் நெளியத்தான் செய்யும். ஷாக்கின் தண்டில் எண்ணெய்க் கசிவு உள்ளதா, மேலும் கீழும் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். சீட்டின் பின்பகுதியை அழுத்தி விட்டால் வண்டி ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை குதித்தால், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க வேண்டிய எண்ணெய் அந்த வேலையைச் செய்யவில்லை என்று பொருள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், எடை ஏறும்போது வண்டி எவ்வளவு அமிழ்கிறது என்று அளக்க வேண்டும். இதற்கு ஓர் அளவு டேப்பும் உதவிக்கு ஓர் ஆளும் போதும். சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் தொங்கும் நிலையில், அச்சின் நடுவிலிருந்து அதற்கு நேர் மேலே பாடியில் ஒட்டிய அடையாளம் வரையுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஸ்டாண்டை எடுத்து, வெற்று வண்டியாக ஒருமுறையும், நீங்கள் இருவரும் ஏறி அமர்ந்தபின் மற்றொரு முறையும் அளவெடுங்கள். முதல் அளவிலிருந்து இவை குறையும் தூரமே அமிழ்வு. உராய்வினால் அளவு சற்று மாறும் என்பதால், வண்டியை அழுத்தி மெதுவாக எழவிட்டு ஒன்றும், தூக்கி மெதுவாக இறங்கவிட்டு ஒன்றுமாக எடுத்துச் சராசரி காண்பது நல்லது. ஆள் ஏறிய நிலையில், சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய மொத்தத் தூரத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அமிழலாம். அந்தத் தூரம் 120 மி.மீ. என்றால் 30 முதல் 40 மி.மீ. வரை. வெற்று வண்டி ஏறக்குறைய 5 முதல் 15 மி.மீ. வரை அமிழ்ந்தால் சரி.

அமிழ்வு கூடுதலாக இருந்தால், ஷாக்கில் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் படி வளையத்தைச் சி ஸ்பேனரால் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். இரு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இப்படி ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி ஆவதில்லை. ஸ்பிரிங்கை மேலும் ஒரு மி.மீ. அழுத்த எவ்வளவு விசை தேவையோ அது மாறாமல் இருக்கிறது. வண்டி நிற்கும் உயரம் கூடுவதால் அடிதட்டும் முன் மிஞ்சும் தூரம் கூடுகிறது. கடைசிப் படிக்கு அருகில் கொண்டுபோய் இருவருடன் அமிழ்வு சரியாக வந்தும், வெற்று வண்டி சிறிதும் அமிழவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிந்தது. அப்போதுதான் வேறு ஷாக் வாங்குவதற்கு நியாயம் பிறக்கிறது.

வாங்கும்போது ‘கேஸ்’ என்ற சொல்லுக்காகப் பணம் கொடுக்காதீர்கள். வேகமாக ஓடும் எண்ணெயில் நுரை கட்டாமல் அழுத்தி வைத்திருப்பதே நைட்ரஜனின் பணி. எடையைச் சுமப்பது ஸ்பிரிங்தான். மலிவான சில ஷாக்குகளில் வெளியே தெரியும் குப்பி வெறும் அலங்காரம். எண்ணெய் ஓடும் பகுதிக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. உங்கள் இருவரின் எடையைச் சொல்லி அதற்குரிய ஸ்பிரிங் எது, இரு முனைகளிலும் போல்ட் நுழையும் கண்களுக்கு இடையிலான நீளம் பழையதற்குச் சமமா, ரீபவுண்டை, அதாவது அமுங்கியது மீண்டும் எழும் வேகத்தை, திருத்திக்கொள்ள முடியுமா, பிரித்து சர்வீஸ் செய்ய முடியுமா என்று கேளுங்கள். நீளம் 20 மி.மீ. கூடினால்கூட வண்டி சைடு ஸ்டாண்டில் கூடுதலாகச் சாயும், செயின் ஓடும் கோணம் மாறும், ஸ்டியரிங்கின் நிதானமும் குறையும்.

கேள்வி: என் 350 சிசி வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஒரு பக்கம் எண்ணெய் வளையம் தெரிகிறது. ஆயில் சீல் மாற்றியே ஆக வேண்டுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: எப்போதும் அல்ல. சீலின் உதட்டில் மண் துகள் சிக்கியிருந்தாலும் கசியும். மேலே உள்ள டஸ்ட் சீலை மெல்லிய திருப்புளியால் குழாயில் கீறல் படாமல் நெம்பி மேலேற்றுங்கள். அடியில் சேர்ந்திருக்கும் சேற்றைத் துணியால் துடைத்தெடுங்கள். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, அதன் நுனியில் சிறு கொக்கிபோல் ஒரு வெட்டு கொடுங்கள். அதைக் குழாயை ஒட்டி ஆயில் சீலுக்குள் மெல்ல நுழைத்து, குழாயைச் சுற்றி ஒரு வட்டம் நகர்த்தி வெளியே இழுத்தால், கறுத்த எண்ணெயுடன் துகள்களும் வரும். துகள் வருவது நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்து, குழாயைத் துடைத்துவிட்டு, முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கைப் பலமுறை அழுத்திப் பாருங்கள்.

மீண்டும் வளையம் தோன்றினால் சீலை மாற்றுங்கள். அதற்கு முன் குழாயின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கும் அளவுக்குத் துருப் புள்ளியோ கீறலோ இருந்தால் புதுச் சீலும் விரைவில் கிழிந்துவிடும். பிரேக் பேடில் எண்ணெய் பட்டிருந்தால் அதைக் கழுவிப் போட்டு ஓட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேள்வி: பிரேக் பிடித்தால் முன்பக்கம் மூழ்குகிறது. தடித்த ஃபோர்க் ஆயில் ஊற்றினால் சரியாகும் என்கிறார் நண்பர். (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மூழ்கும் வேகம் குறையும். ஆனால் மூழ்கும் ஆழத்தை முதன்மையாகத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், எண்ணெய்க்கு மேலே அடைபட்டிருக்கும் காற்றும்தான். சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் சிறு துளைகள் வழியாகவே ஓடுகிறது. அதைத் தடித்ததாக்கினால் கூர்மையான பள்ளத்தில் எண்ணெய் துளையைக் கடக்க முடியாமல் அடி நேராகக் கைக்கு வரும். அடுத்தடுத்த மேடுகளில் ஃபோர்க் முழுதாக எழும் முன்பே மீண்டும் அமுங்கும். நம் சாலைகளில் இது சுகமும் தராது, பிடிப்பும் தராது.

பழைய எண்ணெயை வடித்து, நிறுவனம் சொன்ன தரத்திலேயே புது எண்ணெய் ஊற்றுங்கள். நெடுநாள் மாற்றாதது சாம்பல் நிறச் சேறாக வரும், அதை மாற்றினாலே பெரும் வேறுபாடு தெரியும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுதாக அழுத்திய நிலையில், குழாயின் விளிம்பிலிருந்து எண்ணெயின் மட்டம் வரை அளந்து இரு காலிலும் சமமாக வையுங்கள். இந்த மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிப் பகுதியில் ஃபோர்க் கூடுதலாக எதிர்க்கும். தொடக்கத்தின் மென்மை பெரிதும் கெடாது. வேறு நிறுவனத்தின் எண்ணெய் வாங்கினால், டப்பாவில் உள்ள 10டபிள்யூ என்ற தடிமன் எண்ணை மட்டும் நம்பாமல், 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மையை ஒப்பிடுங்கள்; ஒரே எண் போட்டிருந்தும் தடிமன் வேறுபடுவதுண்டு. வேலை செய்யும்போது முன் சக்கரம் தரையில் படாதபடி வண்டியை உறுதியாகத் தாங்கி நிறுத்துங்கள். மேல்மூடி ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் இருப்பதால், கடைசிச் சுற்றுகளில் முகத்தை விலக்கி, கையால் அழுத்திப் பிடித்துக் கழற்றுங்கள்.

கேள்வி: நான் குள்ளமானவள். அட்வெஞ்சர் வகை வண்டியை, பின் சஸ்பென்ஷனின் இணைப்புத் துண்டான லிங்க்கை மாற்றித் தாழ்த்தலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: முதலில் சீட்டின் ஃபோமைக் குறைத்துப் பாருங்கள், குறிப்பாக முன்பகுதியின் அகலத்தைக் குறைத்தாலே கால் நேராக இறங்கி, தரை எட்டும். அது போதாமல் பின்பக்கத்தைத் தாழ்த்தினால், முன் ஃபோர்க் குழாய்களையும் அவற்றைப் பிடிக்கும் பிளேட்டுகளில் மேலே தள்ளி, முன்பக்கத்தையும் ஏறக்குறைய அதே அளவு தாழ்த்த வேண்டும். இல்லையெனில் ஸ்டியரிங் மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். முழுதாக அமுங்கும்போது டயர் மட்கார்டிலோ ரேடியேட்டரிலோ இடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள். சைடு ஸ்டாண்டையும் குறைக்க வேண்டிவரும். குறைக்காவிட்டால் வண்டி நிமிர்ந்து நின்று காற்றுக்கே சாயும்.

கேள்வி: இம்மாற்றங்கள் சட்டப்படி செல்லுமா? (வேலூர் வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. அதே நீளமுள்ள ஷாக்கை மாற்றுவதாலோ எண்ணெயை மாற்றுவதாலோ அந்த விவரங்கள் மாறுவதில்லை. வண்டியின் ஃபிரேமை வெட்டி ஒட்டுவது முற்றிலும் வேறு. வாரண்டிக் காலம் முடியாத வண்டியில் ஷாக்கை மாற்றும் முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய ஷாக்குகளையும் அவற்றின் போல்ட்டுகளோடு எடுத்து வையுங்கள்.